ராமன் மறுத்த வழி

சி. வி. ராமனைப் பற்றி எழுதும்போது 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். 1940களில் மாக்ஸ் போர்னின் படிக அதிர்வுக் கோட்பாட்டை அவர் பிடிவாதமாக மறுத்ததையும், பின்னர் நியூட்ரான் சோதனைகள் போர்ன் பக்கமே நின்றதையும் சொல்லக் கூசுகிறோம். இழப்பு நமக்கே. அந்த வழியில்தான் போர்னோடு இணைந்து நூலெழுதிய ஹுவாங் குன் 1951இல் அழகிய முடிவொன்றை எட்டினார்.

தென்காசித் தேரின் வடத்தை முன்னே இழுத்தால், பின்னே நிற்பவர் கைக்கு அது சற்றுத் தாமதித்தே வரும். உப்புப் படிகத்திலும் அயனிகளிடையே விசை ஒளியின் வேகத்தில்தான் செல்கிறது. அண்டை அயனிகளுக்கு அத்தாமதம் பொருட்டன்று. அதிர்வலையின் நீளம் 60 மைக்ரோமீட்டரை நெருங்கும்போதோ அதிர்வும் ஒளியும் கலந்துவிடுகின்றன. இரண்டையும் பிரித்துச் சொல்ல இயலாது. நம் இதழ்கள் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.