கரும்பலகை தெரியாதவன் மக்கு ஆகிவிடுவானா?

தச்சநல்லூர்ப் பக்கத்துக் காலனித் தெருக்களில் பெற்றோரைச் சந்திக்கும்போது நாம் வழக்கமாக ஒரு கேள்வி கேட்போம். "உங்க பையன கடைசியா எப்ப டாக்டர்ட்ட காட்டுனீங்க?" பதிலும் வழக்கமானதுதான்: "அவனுக்கு என்ன? நல்லாத்தான ஓடியாடித் திரியுதான்!"

பெண்பிள்ளை வயதுக்கு வரும்போதாவது வீடு அவள் உடம்பைக் கவனிக்கிறது. ஆண்பிள்ளை காய்ச்சலில் விழுந்தால்தான் ஆஸ்பத்திரி. நோய் வருமுன் பார்ப்பது என்பது 10, 12 வயதுப் பையன்களுக்கு அநேகமாக இல்லை.

ஆனால் சட்டியில் இல்லாமல் இல்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஒன்று அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வர வேண்டும். 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் உயரம், எடை, கண், காது, பல், தோல், இதயம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் மேல்சிகிச்சை இலவசம்.

அகப்பையில் ஏன் வருவதில்லை? குழு வரும் நாளில் வகுப்பில் இருக்கும் பையனுக்குத்தான் பரிசோதனை. வாழைத்தோட்ட வேலைக்கோ, தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ நின்றுவிட்டவன் கணக்கில் வருவதில்லை. பரிசோதனை அதிகம் தேவைப்படுபவனும் அவன்தான். அடுத்த சிக்கல், கையில் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டு. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்வர அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும். சிகிச்சை இலவசம்தான், அந்த நாள் இலவசம் இல்லை. சீட்டு புத்தகப்பையிலேயே மடங்கிக் கிடக்கிறது.

இதைத் தலித் பிரச்சினை என்று ஏன் சொல்கிறோம்? கிட்டப்பார்வை உள்ள பையனுக்குக் கரும்பலகை தெரியாது. காதில் சீழ் வடிபவனுக்குப் பாடம் பாதிதான் கேட்கும். இரத்தசோகை உள்ளவன் முற்பகலிலேயே சோர்ந்து தலையைச் சாய்ப்பான். மற்ற வீட்டுப் பையன் என்றால் "கண்ணாடி போடணும்" என்கிறவர்கள், நம் பையன் என்றால் "இவனுகளுக்கு எங்க படிப்பு ஏறும்?" என்கிறார்கள். உடம்பின் குறை சாதியின் குறையாக எழுதப்படுகிறது. பையனும் அதை நம்பிப் பள்ளியை விட்டு நிற்கிறான். ஒரு மூக்குக்கண்ணாடி தடுத்திருக்கக்கூடிய இடைநிற்றல் அது.

இரும்புச்சத்து மாத்திரை பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்ற எண்ணமும் தவறு. 10 முதல் 19 வயது வரை, வாரம் ஒரு நீல மாத்திரை ஆண்களுக்கும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள ஆண்களில் 31 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. வேர் அதற்கு முந்தைய வயதில் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவும் 5-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வளர்த்தி வேகமெடுக்கும் 6-ஆம் வகுப்பில் பையன் வெறும் வயிற்றோடு வருகிறான்.

இங்கிலாந்தில் போயர் போருக்கு ஆள் எடுத்தபோது உடல் தகுதியில்லாத இளைஞர்கள் ஏராளமாக இருப்பதைக் கண்டுதான் அரசு விழித்தது; 1907-இல் பள்ளி மருத்துவப் பரிசோதனைக்குச் சட்டம் வந்தது. நம் பையன்களின் உடம்பை முதன்முதலாக அளப்பது இராணுவ ஆளெடுப்பாக இருக்க வேண்டாம்.

நாம் கேட்பது அதிகமில்லை. குழு வரும் தேதியை முன்கூட்டியே தெருவுக்குச் சொல்லுங்கள். விடுபட்ட பையன்களுக்கு இரண்டாவது நாள் ஒதுக்குங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலையில் பரிசோதனை வையுங்கள். சீட்டு பெற்ற பிள்ளைகளை ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். முடிவை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். பெற்றோரிடம் தனியே சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: "இந்த வருசம் எம்பிள்ளையப் பாத்தாச்சா? சீட்டு எங்க?" படித்த தம்பிகள் அந்தக் கேள்வியை மனுவாக எழுதிக் கொடுங்கள். கேட்காத தெருவுக்கு எந்தத் திட்டமும் தானாக வந்ததில்லை.