பனிமலைக்குப் போக யாருக்கு லீவு கிடைக்கும்?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஆஸ்பென் என்று ஒரு மலை நகரம். பணக்காரர்கள் பனிச்சறுக்கு விளையாடப் போகும் இடம். அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஒரு வாரம் தன்பால் ஈர்ப்பு கொண்ட ஆண்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். 'கே ஸ்கீ வீக்' என்று பெயர். 1977-ல் சில நண்பர்கள் சேர்ந்து தொடங்கியது. இன்று உலகம் முழுக்க இதைப் பார்த்துப் பல ஊர்களில் நடத்துகிறார்கள். பகலில் சறுக்கு, இரவில் ஆட்டம். ஒரு நாள் பாவாடையும் பொய்முடியுமாக வேடம் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் சறுக்குவார்கள்.

இதைச் சொன்னால் நம் தோழர்கள் சிரிக்கிறார்கள். "வேங்கைவயல் தண்ணித் தொட்டிக்கே இன்னும் நியாயம் கிடைக்கல, இதுல பனிச்சறுக்கா?" என்கிறார்கள். படிப்பு வட்டங்களில் பால்புதுமையினர் பற்றிப் பேச்செடுத்தாலே "அது மேட்டுக்குடி சமாச்சாரம் தோழர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை. பனியில் சறுக்குகிறவனோடு அப்புறம் வருகிறேன்.

ஓய்வு, தனியறை, வேலை இல்லாத ஒரு வாரம், பிடித்த ஆளோடு பயமில்லாமல் ஓர் இரவு. இவையெல்லாம் மேட்டுக்குடிச் சரக்கு என்று யார் சொன்னது? காவிரிப் படுகையில் நம்மிடமிருந்து பிடுங்கியது நிலத்தை மட்டுமா? பண்ணையாள் விடியுமுன் வயலில் இறங்கினான், இருட்டிய பிறகு கரையேறினான். உடம்பு முடியவில்லை என்று ஒரு நாள் படுத்தால் சவுக்கடி, சாணிப்பால். 1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் போட்டுத்தான் அந்தத் தண்டனைகளை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கும் பதினாறு ஆண்டு கழித்து, அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்ட போராட்டத்தில், கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள்.

அந்தப் பண்ணை முறையில் கல்யாணம் எதற்கு இருந்தது என்றும் யோசியுங்கள். கல்யாணச் செலவுக்கு மிராசுதாரிடம் வாங்கிய கடன்தான் எத்தனையோ பேரைப் பண்ணையில் கட்டிப்போட்டது. கட்டி வந்தவளும் நடவுக்கு ஆள், பிறந்த பிள்ளை மாடு மேய்க்க ஆள். குடும்பம் என்பதே பண்ணைக்கு ஆள் உற்பத்தி செய்யும் ஏற்பாடு. அந்த மண்ணில் ஒருவன் "எனக்குப் பொண்ணு வேண்டாம், எனக்குப் பிடிச்சது ஒரு பையனை" என்று சொல்லியிருந்தால் அது வெறும் படுக்கை விவகாரமா? சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. நாமும் எழுதவில்லை.

சரி, இப்போது பனிமலைக்காரர்களிடம் வருவோம்.

ஆஸ்பெனுக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு வேலையிலும் வீட்டிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று முதலிலேயே நகரச் சட்டம் போட்ட ஊர்களில் அது ஒன்று. ஆஸ்பென், போல்டர், டென்வர் ஆகிய நகரங்களின் அந்தச் சட்டங்களை ஒழிக்கத்தான் 1992-ல் கொலராடோ மாநிலமே வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நான்கு ஆண்டு வழக்காடி 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அதை உடைத்தார்கள். அந்த ஒரு வாரக் கொண்டாட்டத்துக்குப் பின்னால் இப்படி ஒரு போராட்டம் இருக்கிறது.

அதே ஆஸ்பெனின் நகர மன்றம் 1999 டிசம்பரில் இன்னொரு தீர்மானம் போட்டது. அமெரிக்காவுக்குள் குடியேறி வருவோர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. சுற்றுச்சூழல் கெடுகிறதாம்! அந்த ஊரில் மெத்தை விரிப்பது, பாத்திரம் தேய்ப்பது, பாதையில் பனி அள்ளுவது எல்லாம் யார்? பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். ஊருக்குள் வாடகை கட்ட முடியாமல் பள்ளத்தாக்கில் பல மைல் தள்ளி வீடு, தினமும் பஸ்ஸில் ஏறிப் போய் வேலை. கோயிலைச் சுற்றி அக்கிரகாரம், வயலுக்கு அப்பால் சேரி. தஞ்சாவூர்க்காரனுக்கு இந்த வரைபடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொழிலாளர்களிலும் தன்பால் ஈர்ப்பு கொண்டவர்கள் இருப்பார்கள்தானே? மலையேற ஒரு நாள் டிக்கெட் இன்று 200 டாலருக்கு மேல். அவர்களுக்கு அந்த வாரம் கொண்டாட்டமா, கூடுதல் ஷிப்டா?

நம் பக்கத்தில் ஆஸ்பென் இல்லை, கூவாகம் இருக்கிறது. டெல்டாவைத் தாண்டி வடக்கே, உளுந்தூர்ப்பேட்டை பக்கம். சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயிலில் இந்தியா முழுவதிலுமிருந்து திருநங்கைகள் கூடுகிறார்கள். அது அவர்களுடைய விழா. ஆண்களை விரும்பும் ஆண்களும் அந்தக் கூட்டத்தில் கலந்து நிற்கிறார்கள், ஆனால் பெயர் சொல்லாமல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனாலும் கும்பகோணத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் வீட்டில் ஏதோ பொய் சொல்லிவிட்டுக் கிளம்பும் பையனுக்கு, தன்னைப் போன்றவர்களை ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைப்பது அங்கேதான்.

அந்தக் கதையைக் கவனித்திருக்கிறீர்களா? போரில் ஜெயிக்க ஒரு நரபலி வேண்டும். அர்ச்சுனனுக்கு நாகர் பெண் பெற்ற பிள்ளை அரவான் அகப்படுகிறான். நாகர் பிள்ளைதான் பலிக்கு லாயக்கு! சாவதற்கு முன் ஒரு ராத்திரி கல்யாண வாழ்க்கை கேட்கிறான், கண்ணன் மோகினியாகி வருகிறான். மறுநாள் தாலி அறுப்பு, வெள்ளைச் சேலை. நாக்பூரில் 1956-ல் நாகர்களைப் பற்றி அம்பேத்கர் பேசியதைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரிக் கேட்கும். விழாவை நான் கேலி செய்யவில்லை. அங்கே அழுகிறவர்களின் அழுகை நிஜம். ஆண்டுக்கு ஓர் இரவு மட்டும் அனுமதி, விடிந்ததும் அறுப்பு என்கிற கணக்கைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த ஓர் இரவுக்கும் விழுப்புரம் லாட்ஜுகளில் அறை வாடகை ஏறிவிடும்.

அறை என்றதும் ஒன்று. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377-ஐ வெட்டியபோது நாமெல்லாம் இனிப்பு கொடுத்தோம். வயதுவந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் இருந்தால் குற்றமில்லை. தனிமையில்! தொகுப்பு வீட்டில் ஒரே அறையில் அப்பா, அம்மா, பாட்டி, தங்கை எல்லாரும் படுக்கிறார்கள். லாட்ஜில் ஆதார் கேட்கிறான், முகவரியில் தெருப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து ஆளைப் பார்க்கிறான். வயற்காட்டு மோட்டார் கொட்டகை அடுத்த சாதிக்காரனுடையது. தனிமை என்ற அடிப்படை உரிமையை எங்கே போய் அனுபவிப்பது?

காதலுக்குச் சாதி இல்லை, பால்புதுமைக்காரர்களுக்குள் சாதியே கிடையாது என்று நகரத்து நண்பர்கள் சொல்வதுண்டு. 2015-ல் மும்பைப் பத்திரிகையில் ஒரு தாய் தன் மகனுக்கு மணமகன் தேடி விளம்பரம் கொடுத்தார். நாட்டிலேயே முதல் முறை என்று எல்லாரும் கொண்டாடினார்கள். சாதி தடையில்லை, ஆனால் ஐயர் என்றால் நல்லது என்று அதில் இருந்தது. வேடிக்கையாகப் போட்டது என்று விளக்கம் வந்தது. இருக்கட்டும், அந்த வேடிக்கை நம்மால் செய்ய முடிகிற வேடிக்கையா? அதே ஆண்டு டெல்லி வானவில் பேரணி மேடையில் துருபோ ஜோதியும் அகில் காங்கும் திரேன் போரிசாவும் தங்களை தலித் என்று அறிவித்துப் பேசினார்கள். தன்பால் ஈர்ப்பைச் சொல்லத் தைரியம் வேண்டிய மேடையே இல்லை அது. அங்கே சாதியைச் சொல்லத்தான் தைரியம் தேவைப்பட்டது. இங்கே கிரேஸ் பானு திருநர்களுக்குக் கிடைமட்ட இட ஒதுக்கீடு வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார். தலித் திருநங்கை ஒருவர் தன் சாதி ஒதுக்கீட்டை இழக்காமல் திருநராகவும் இடம் பெற வேண்டும் என்பதுதான் கோரிக்கை. வானவில் கொடியைப் பிடித்த எத்தனை பேர் அதற்காகத் தெருவில் இறங்கினார்கள்?

நம் மாவட்டத்தின் கதையையும் மறக்க வேண்டாம். 2024 ஜனவரியில் பட்டுக்கோட்டை அருகே, தலித் இளைஞரைக் கல்யாணம் செய்த 19 வயதுப் பெண் கொல்லப்பட்டார். பெற்ற தகப்பனே கைதானார். திருப்பூர் பக்கம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்த பெண்ணை வீட்டாரோடு அனுப்பிவைத்த பிறகு நடந்தது அது. ஆணும் பெண்ணும், முறைப்படி கல்யாணம். அதற்கே இந்தக் கதி என்றால், ஊர்த் தெருப் பையனும் காலனிப் பையனும் கைகோத்துப் பிடிபட்டால் என்ன ஆகும்? அது ஆணவக் கொலை என்றுகூடப் பதிவாகாது. ஏதோ திருட்டு, ஏதோ தகராறு என்று முடித்துவிடுவார்கள். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்கும் நம் மனுக்களில் கணவன், மனைவி என்று மட்டும் எழுதாமல் இணையர் என்று எழுதுங்கள். இதற்கு மாநாடு தேவையில்லை, பேனா போதும்.

சென்னையில் வானவில் பேரணி 2009-லிருந்து ஜூன் மாதக் கடைசியில் நடக்கிறது. 1969 ஜூனில் நியூயார்க்கில் நடந்த கலகத்தின் நினைவாக ஜூன். இங்கே ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள், தண்ணீர் வந்தால் குறுவை. நாற்றுப் பறிக்கவும் வரப்பு வெட்டவும் ஆள் தேடுகிற நேரம். வருடத்தில் நாலு காசு பார்க்கிற சில வாரங்களில் அதுவும் ஒன்று. பேரணிக்கு வா என்று திருவாரூர்ப் பையனை அழைத்தால் அவன் போகவர இரண்டு நாள் கூலியை விட வேண்டும், ரயிலுக்குக் காசு வேண்டும், ராத்திரி தங்க இடம் வேண்டும். பேரணி நடத்துகிறவர்கள் ஸ்பான்சர் நிறுவனத்திடம் பேசும்போது டி-சர்ட்டுக்கு முன்னால் இந்த மூன்றையும் கேட்கட்டும். நம் மாணவர் அமைப்புகளும் சும்மா இருக்க வேண்டாம். நம் மண்டபங்கள் தஞ்சாவூரிலும் நாகையிலும் வாரத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. அறுவடை முடிந்து மாசியில் ஒரு சனி, ஞாயிறு சாவியைக் கொடுங்கள். பனி இல்லாவிட்டால் பரவாயில்லை, பறை இருக்கிறது. ஆடட்டும். ராத்திரி அங்கேயே தங்கட்டும். ஆதார் கேட்காதீர்கள்.