அண்ணன் ஏன் கோயிலுக்கு வர்றதில்லை?

பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிட்டுப் பொறுமையா படிங்க.

மாசி மகம் முடிஞ்சு, செங் சன்னாசிமலையிலிருந்து எல்லாரும் களைச்சு வீடு திரும்பின அதே வாரம், எங்க தொண்டர் புலனக் குழுவிலிருந்து ஒரு அண்ணன் வெளியேறிட்டாரு. ஒரு வார்த்தை சொல்லலை. பதினாலு வருஷமா அன்னதானச் சமையல் அவர் கைதான். ஜாசின் பக்கம் தோட்டத்துல பிறந்தவர். ரப்பரை அழிச்சு செம்பனை நட்டப்போ குடும்பத்தோட டவுனுக்கு வந்தவர். இப்போ தொழிற்சாலையில 12 மணி நேர ஷிப்ட்.

நாங்க என்ன செஞ்சோம்? பேசினோம். "மரியாதை எதிர்பார்க்கிறாரு", "கணக்குல ஏதோ மனஸ்தாபம்" என்று ஆளுக்கு ஒண்ணு. இதை எழுதுற நாங்களும் அதுல சேர்ந்துதான் பேசினோம். அவர் வீட்டுக்குப் போய் விசாரிக்க எங்களுக்கு இரண்டு மாசம் ஆச்சு.

அவர் சொன்னது இதுதான்: "வெள்ளிக்கிழமை கோயில் வாசல் வரைக்கும் காடியில வருவேன்பா. இறங்கணும்னு நினைப்பேன், கால் வராது. அரை மணி நேரம் உக்காந்துட்டு திரும்பிடுவேன். கடைசியா ஒருநாள் தீபாராதனை பார்த்தேன். மனசுல ஒண்ணுமே தோணலை. அதுதான் பயமாப் போச்சு."

அவங்க வீட்டு அக்கா, தூக்கம் இல்லை, பிள்ளைங்க மேல எரிஞ்சு விழுறாரு, சாமி குத்தமோன்னு கயிறு கட்டிப் பார்த்தோம் என்றார்.

இது சாமி குத்தம் இல்லை. இதுக்குப் பேர் பர்ன்அவுட். எண்ணெய் தீர்ந்த பிறகும் திரியை எரியவிட்டா எப்படிக் கருகுமோ அப்படி. இந்த வார்த்தையை 1974-ல் மருத்துவ உலகத்துக்குக் கொண்டு வந்தவர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். அவர் அதை எங்கே பார்த்தார் தெரியுமா? நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில், சேவை மனப்பான்மையோட வந்து உழைச்ச தொண்டர்கள்கிட்ட! பகல்ல தன்னோட வேலை, ராத்திரியில அங்கே சேவை என்று ஓடின அவரும் அதே நிலைமைக்கு ஆளானவர்தான். ஆக, "தொண்டு செய்யறவனுக்குக் களைப்பு வராது" என்று மைக்கில் பேசுறோமே, அது உண்மை இல்லை. மனசார செய்யறவன்தான் முதல்ல தீர்ந்துபோறான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் இதை, சரியாகக் கையாளப்படாத நீண்ட கால வேலை அழுத்தத்தால் வருவது என்று வரையறுத்தது. இதை ஒரு நோய் என்று அது சொல்லவில்லை. அது சொல்ற அடையாளம் மூன்று: சக்தியே இல்லாத சோர்வு, செய்யும் வேலை மேல் ஒட்டாமை அல்லது வெறுப்பு, என்னால எதுவும் உருப்படியா ஆகாது என்ற எண்ணம். அண்ணனுக்கு மூணும் இருந்துச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க. 2023 ஜனவரியிலிருந்து நம்ம நாட்டுச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேர வேலை. ஓவர்டைம் மாசத்துக்கு 104 மணி வரைக்கும் போகலாம். இரண்டையும் சேர்த்தா வாரத்துக்கு ஏறக்குறைய 69 மணி, சட்டத்தை மீறாமலேயே. ராத்திரி ஷிப்ட் வேற தூக்கத்தைக் கெடுக்குது. அதுக்கு மேல வெள்ளி, சனி, திருவிழாக் காலத்துல பத்து நாள், நம்ம கோயில்.

தோட்டத்துல மட்டும் சுகமா இருந்துச்சான்னு கேட்பீங்க. இல்லை. இருட்டுல பெரட்டுக்கு நின்னவங்க, களைப்பைக் கள்ளுக்கடையில தொலைச்சவங்க எத்தனை பேர். ஆனா திருவிழா வேலையை லயமே பங்கு போட்டுக்கிச்சு. இப்போ நானூறு பேர் சாப்பிடுறோம், ஆறு பேர் சமைக்கிறாங்க. குறை சொல்லத்தான் நானூறு பேரும்.

விபூதி பூசுங்க, அர்ச்சனை செய்யுங்க. கிளினிக்கும் போங்க. ஓயாத சோர்வுக்கு சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டுகூட காரணமா இருக்கலாம், ரத்தம் பார்த்தாத்தான் தெரியும். மனச்சோர்வும் கலந்திருக்கலாம், அதை மருத்துவர்தான் பிரிச்சுச் சொல்லணும். கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். யார்கிட்டயாவது பேசணும்னா சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. உயிரை மாய்ச்சுக்கலாமான்னு எண்ணம் வந்தா ஒரு நிமிஷமும் தள்ளிப்போடாதீங்க.

இரண்டு நாள் லீவு போட்டா இது சரியாகாது, அதையும் அண்ணன்கிட்டதான் கத்துக்கிட்டோம். ஒரு வாரம் படுத்தாரு. திரும்பி அதே சுமைக்கு வந்தாரு, அதே இடத்துல விழுந்தாரு. சுமை குறையணும். அவர் ஓவர்டைமைக் குறைச்சுக்கிட்டாரு. வருமானம் குறைஞ்சதால வீட்ல இறுக்கம்தான், மறைக்க வேண்டாம். நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு. ஆனா தூங்குறாரு.

கோயில் பக்கம் மாற வேண்டியது நாமதான். எங்க கருத்து நேரா சொல்றோம்: ஒருத்தரையே பதினாலு வருஷம் அடுப்படியில நிறுத்தி, பொன்னாடை போத்தி அனுப்பறது பக்தி இல்லை. சாமிக்கே நடை சாத்துறோம், பள்ளியறை பூஜை செஞ்சு துயில வைக்கிறோம். சமையல்காரருக்கு மட்டும் ஏன் ஓய்வு இல்லை? அடுத்த மாசத்திலிருந்து சமையல் முறை வைக்கிறோம், ஒரு குழுவுக்கு மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும். ராத்திரி பத்துக்கு மேல புலனத்துல வேலை சொல்லக்கூடாது. வர முடியலைன்னா காரணம் கேட்க மாட்டோம். நாலு குழு வேணும், இப்போதைக்கு இரண்டரைதான் இருக்கு. இளைஞர்கள், வெங்காயம் உரிக்கத் தெரிஞ்சா போதும், பேர் கொடுங்க.

போன வெள்ளிக்கிழமை அண்ணன் வந்திருந்தாரு. கும்பிட்டாரு, பந்தியில உக்காந்து சாப்பிட்டாரு. விவரம் தெரியாத ஒரு தம்பி பழக்க தோஷத்துல, "அண்ணே, சாம்பார் ஊத்துறீங்களா?" என்று வாளியை நீட்டிட்டான். நாங்கதான் பாய்ஞ்சு போய் வாங்கிக்கிட்டோம்.