கீரைக்கட்டில் வரும் விருந்தாளி

மழை பிடித்துக்கொண்டால் போதும், கொல்லைச் சுவரிலும் கிணற்றடியிலும் நத்தைகள் கிளம்பிவிடுகின்றன. ஓட்டைச் சுமந்துகொண்டு வருகிறவை சில. ஓடே இல்லாமல் வழவழவென்று வருகிறவை சில. “சீ!” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம். சமையலறைக்காரிகளான நாம் சற்று நின்று யோசிக்க வேண்டிய விஷயம் அதில் ஒன்று இருக்கிறது, சகோதரிகளே!

எலியின் நுரையீரல் ரத்தக் குழாயில் குடியிருக்கும் ஒரு புழு உண்டு. சீனாவில் காண்டன் நகரத்து எலிகளில் இருந்த அதைப் பற்றி 1935-ல் முதன்முதலாக எழுதினார்கள். அதன் குஞ்சுகள் எலியின் புழுக்கையோடு வெளியே வரும். நத்தைக்குப் புழுக்கை என்றால் பலகாரம் மாதிரி! தின்ற நத்தையின் உடம்பில் குஞ்சுகள் வளரும். அந்த நத்தையை இன்னோர் எலி தின்றால், அவை முதலில் எலியின் மூளைக்குப் போய், பிறகு நுரையீரலுக்கு இறங்கிவிடும்.

நாம் தெரியாமல் விழுங்கினால்? அப்போதும் மூளைக்குத்தான் போகும். ஆனால் மனித உடம்பு அதற்கு வழி தெரியாத ஊர். நுரையீரலுக்கு வரத் தெரியாமல் மூளையிலேயே செத்துப் போகும். அதனால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கிவிடுகிறது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் மண்டையைப் பிளக்கும் தலைவலி, கழுத்துப் பிடிப்பு, வாந்தி, தோலில் எறும்பு ஊறுகிற மாதிரி உணர்ச்சி எல்லாம் வரும்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் 2010-ல் ஓர் இளைஞன் நண்பர்கள் உசுப்பிவிட்டதால் தோட்டத்து நத்தை ஒன்றை விளையாட்டாக விழுங்கினான். ஒரு வருஷத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தான். எழுந்த பிறகும் கைகால் விளங்கவில்லை. 2018-ல் இறந்துபோனான். பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்!

இதைப் படித்துவிட்டுக் கீரையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிடித்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் குணமாகிவிடுகிறார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆனால் நமக்கு இது சம்பந்தமில்லாத சமாசாரம் என்றும் நினைக்க வேண்டாம். 1847-ல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட பெரிய ஆப்பிரிக்க நத்தை இன்று கேரளத்திலும் நம் பக்கத்துத் தோட்டங்களிலும் மேய்கிறது. நத்தையைத் தின்னும் பிராணிகளின் உடம்பிலும் புழு தங்கும். கேரளத்தில் உடும்பின் பச்சை மாமிசத்தை மருந்தென்று சாப்பிட்டவர்களில் சிலருக்கு இந்த நோய் கண்டிருக்கிறது. மருந்தாம் மருந்து!

நம் வீட்டில் கவனிக்க வேண்டியது வேகாமல் சாப்பிடும் இலைகளைத்தான். மசியலுக்குப் போகும் கீரை கொதித்துவிடுகிறது, புழு பிழைக்காது. கொத்தமல்லித் துவையல், புதினாச் சட்னி, கோஸ் பச்சடி, இப்போது பலரும் காலையில் குடிக்கும் பச்சிலைச் சாறு ஆகியவைதான் சங்கதி. நகக்கண் அளவு நத்தைக் குஞ்சு இலை மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மிக்ஸியில் போட்டால் சாறோடு சாறாகிவிடும். உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். அவை புழுவை நிச்சயமாகக் கொல்வதில்லை. கட்டைப் பிரித்து, இலை இலையாகப் புரட்டி, ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கோஸின் மேல் மடல்களைத் தயங்காமல் எறியுங்கள்.

முற்றத்தில் தண்ணீர்க் குடத்தை மூடாமல் வைக்காதீர்கள். ஹவாய்த் தீவில் 2017-ல் திறந்து கிடந்த வாளியிலிருந்து பானம் குடித்தவர்களுக்கு நோய் வந்தது. குடித்து முடித்தபோதுதான் அடியில் நத்தை கிடப்பதைப் பார்த்தார்களாம்!

தவழும் குழந்தை நத்தையை வாயில் வைத்துவிட்டால் உடனே வெளியே எடுத்து வாயைக் கழுவிவிட்டு, டாக்டரிடம் காட்டுங்கள். பிற்பாடு தலைவலி, காய்ச்சல் என்று போக நேர்ந்தாலும் நத்தை விஷயத்தை நீங்களாகவே சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு இந்தப் புழுவின் ஞாபகம் வரும்.