மரத்திலிருந்து இறங்கியவன்

கிறித்தவம் என்றதும் நம் விடுதித் தோழர் பலருக்கு இரண்டுதான் நினைவுக்கு வருகின்றன. ஒன்று மதமாற்றம், மற்றொன்று, நரகத்தைக் காட்டி அச்சுறுத்தும் தெருமுனைப் பேச்சு. அவர்களை நான் குறை கூறேன். நெல்லைச் சீமையில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த நானே அந்த அச்சத்தில்தான் வளர்ந்தேன். ஆனால், அச்சம் என்னைத் திருத்தியதில்லை, மறைக்கத்தான் கற்றுக்கொடுத்தது.

சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில் நான் வரைந்த வரைபடத்தில் 3 புள்ளிகள் கோட்டிலிருந்து விலகி நின்றன. சற்றே நகர்த்திவிட்டேன். பேராசிரியர் பாராட்டினார். பின்னர் வந்த ஒடிசா மாணவர் ஒருவர் என் எண்களை நம்பி, அதே அளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். 2 மாதம்! தம் கையில்தான் குறை என்று எண்ணி இரவிலும் விழித்திருந்தார். நானோ பக்கத்து மேசையில் வாய் மூடி அமர்ந்திருந்தேன்.

அந்நாளில்தான் லூக்கா எழுதிய சகேயுவின் கதை எனக்குப் புரிந்தது. எரிகோ பட்டணத்தில் ஆயக்காரருக்குத் தலைவன் அவன். உரோமருக்கு வரி தண்டிச் செல்வனானவன். ஊரார் வெறுத்த மனிதன். குள்ளன் ஆதலால், இயேசுவைக் காண மரத்தில் ஏறினான். (காட்டத்தி மரம், நம் ஊர் அத்திக்கு உறவுதான்.) கூட்டம் எதை எதிர்பார்த்திருக்கும்? ‘பாவியே, இறங்கு’ என்ற இடிமுழக்கத்தை அன்றோ! இயேசுவோ அவனைப் பெயர் சொல்லி அழைத்தார். இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். திருந்தினால் வருகிறேன் என்று நிபந்தனை பேசவில்லை. ஊர் முணுமுணுத்தது.

வரிசையை நோக்குங்கள், தோழர்களே! முதலில் அழைப்பு, பிறகே திருத்தம். உடைமையில் பாதி ஏழைகளுக்கு என்றான் சகேயு. ஏமாற்றிப் பெற்றிருந்தால் 4 மடங்காகத் திருப்புவேன் என்றான். தானே ஒப்புக்கொள்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டம். ஆடு திருடியவனுக்குத்தான் நான்கு மடங்கு. சட்டம் ஒன்றேகால்கூடக் கேட்கவில்லை; அவன் நான்கு கொடுக்க நின்றான்.

அன்பு போதுமே, திருத்தம் எதற்கு என்று கேட்கும் நண்பரும் உண்டு. அவர்களோடும் நான் உடன்படேன். சகேயு விருந்தோடு நின்றிருந்தால் அவனிடம் ஏமாந்தவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? தமிழ் விவிலியம் இதை ‘மனந்திரும்புதல்’ என்கிறது. எவ்வளவு பொருத்தமான சொல்! சகேயு யூதனாகவே இருந்தான். தொழிலை விட்டதாகக்கூட லூக்கா எழுதவில்லை. மாறியது அவனும் அவனுடைய கணக்கும். மதமாற்றம் பற்றி நம் விடுதியில் இரவெல்லாம் வாதிடும் இரு தரப்பாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் ஒடிசா நண்பருக்கு வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. ஒன்றும் அறியாதவராய், பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினார். என்னால் உண்ண முடியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன். மறுநாள் பேராசிரியரிடமும் சொன்னேன். பேராசிரியர் வரைபடத்தைத் திரும்பப் பெற்றார். நண்பர் 9 நாள் என்னோடு பேசவில்லை. அது அவருடைய உரிமை.

இப்போது மாலை வேளைகளில் அவருடைய அளவீடுகளுக்கு நான் துணை நிற்கிறேன். 2 மாதத்திற்கு நான்கு மடங்கு 8 மாதம். இன்னும் 5 மாதம் பாக்கி இருக்கிறது.