பள்ளி வைஃபையும் வி.பி.என். என்னும் முகமூடியும்

பள்ளியின் வைஃபையில் இணைந்துகொண்டு மாணவர்கள் வி.பி.என். பயன்படுத்துவதைப் பற்றி இரண்டு கட்சிகள் நிலைபெற்றுவிட்டன. தடுக்கப்பட்ட விளையாட்டையும் படத்தையும் எட்டிப் பிடிப்பதற்கான குறுக்குவழி அது என்பது பள்ளியின் கட்சி. தம்மை எவரும் பார்க்கமுடியாதபடி காக்கும் கவசம் அது என்பது மாணவர்களின் கட்சி. இரண்டிலும் பாதி உண்மையே இருக்கிறது. விடுபட்டுப்போகும் மறுபாதி, வாசிப்பைப் பெரிதாக மதிக்கும் நம்மைப் போன்றோருக்கு முக்கியமானது என்று கருதுவதால் இதை எழுதுகிறோம்.

நுட்பத்திலிருந்து தொடங்குவோம். இன்று பெரும்பாலான இணையதளங்கள் எச்.டி.டி.பி.எஸ். முறையில் இயங்குகின்றன. பக்கத்தின் உள்ளடக்கம் சங்கேதமாக்கப்பட்டுச் செல்வதால், நடுவில் இருக்கும் வலைப்பின்னலின் நிர்வாகியால் அதைப் படிக்க இயலாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது பொதுவாக மறைவதில்லை. தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். விசாரிப்பிலும், இணைப்புத் தொடங்கும் முதல் கணத்திலும் அந்தப் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே செல்கிறது. மனச்சோர்வு பற்றிய ஒரு தளத்தில் மாணவி என்ன வாசித்தாள் என்பது பள்ளிக்குத் தெரியாது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் அங்கே இருந்தாள் என்பது தெரியும். சில சமயங்களில் பெயர் ஒன்றே போதும், மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

வி.பி.என். இந்தப் பெயரையும் மறைக்கிறது. மாணவியின் கருவியிலிருந்து வி.பி.என். நிறுவனத்தின் சர்வர் வரைக்கும் ஒரு சங்கேதச் சுரங்கம் அமைகிறது. பள்ளியின் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அந்தச் சர்வரின் முகவரி, நேரம், சென்று வந்த தரவின் அளவு ஆகியவைதாம். வி.பி.என். ஓடுகிறது என்ற செய்தியே பல வேளைகளில் பள்ளிக்குத் தெரிந்துவிடும். ஆனால் சுரங்கத்துக்கு மறுமுனை ஒன்று உண்டு. அங்கே அமர்ந்திருக்கும் நிறுவனம், முன்பு பள்ளி பார்த்துவந்த அத்தனையையும் இப்போது பார்க்கிறது. பள்ளியிடம் இருந்த சாவி, பெயர் மட்டுமே தெரிந்த ஒரு வணிகரிடம் கைமாறியிருக்கிறது. கூகுள் கணக்கில் உள்நுழைந்தபடியே தேடுகிறவருக்கு அந்தச் சுரங்கமும் பெரிய மறைவைத் தருவதில்லை. அங்கே நம் பெயரை நாமே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறோம்.

அந்த வணிகர் யார் என்ற கேள்விக்குச் சில வரலாறுகள் இருக்கின்றன. இலவசமாகக் கிடைத்த ஹோலா என்ற சேவை, தன் பயனர்களின் இணைய இணைப்புகளையே லுமினாட்டி என்ற பெயரில் பிறருக்கு விற்றுவந்தது 2015இல் அம்பலமானது. ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ நிறுவனத்தின் வி.பி.என்., பயனர்களைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அவர்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலைத் தாய் நிறுவனத்துக்குக் கொண்டுசேர்த்தது. 2018இல் ஆப்பிளின் கடையிலிருந்து அது விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வெளியான செய்தி இன்னும் கசப்பானது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் உள்ளிட்டோருக்கு மாதம் 20 டாலர் வரை கொடுத்து, அவர்களின் தொலைபேசிப் போக்குவரத்து முழுவதையும் பார்க்கும் செயலியை அதே நிறுவனம் நிறுவவைத்திருந்தது. ஒனாவோ 2019இல் மூடப்பட்டது. பயனர்களைத் தவறாக நம்பவைத்ததற்காக 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் விதித்த அபராதம் இரண்டு கோடி ஆஸ்திரேலிய டாலர். பள்ளியிடமிருந்து ஒளிந்துகொள்ள ஓடும் சிறுவன் இப்படிப்பட்ட வீடுகளிலும் போய் அடைக்கலம் புக நேரிடும்.

பள்ளி கொடுத்த மடிக்கணினியாக இருந்தால் நிலைமை வேறு. கண்காணிப்பு மென்பொருள் கருவிக்குள்ளேயே இருக்கும். அல்லது பள்ளியின் சான்றிதழ் அதில் நிறுவப்பட்டு, சங்கேதம் நடுவழியில் அவிழ்க்கப்படும். திரையையே பார்க்கிறவருக்குச் சுரங்கம் ஒரு தடையன்று. இதன் எல்லை எதுவரை போகும் என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் 2010இல் காட்டியது. திருட்டுப்போன மடிக்கணினிகளைக் கண்டுபிடிப்பதற்கென்று வைத்திருந்த மென்பொருள், மாணவர்கள் வீட்டில் இருந்தபோது அவர்களுக்குத் தெரியாமலே கேமரா வழியாகப் படமெடுத்திருந்தது. வழக்கு விசாரணையில் பல்லாயிரக்கணக்கான படங்கள் வெளிவந்தன. மாவட்டம் 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கெட்ட எண்ணத்தில் தொடங்கியதாக யாரும் நிரூபிக்கவில்லை. பொருளைக் காக்க வைத்த கண், பிள்ளையின் படுக்கையறை வரை போய்விட்டது, அவ்வளவுதான்.

பள்ளிகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இணைய வசதிக்கு அரசின் கட்டணச் சலுகை பெறும் பள்ளிகள் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டியை வைத்தே ஆகவேண்டும். சிறுவர்களின் இணையச் செயல்பாட்டை மேற்பார்வையிடுவதும் அவற்றின் கடமை. வி.பி.என். அந்த வடிகட்டியைத் தாண்டிப்போகிறது என்பதால் நிர்வாகி அதை முடக்குகிறார். அவர்மேல் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு விதியும் உண்டு. இன்னார் என்று அடையாளம் காணத்தக்க ஒருவரின் இணையப் பயன்பாட்டைப் பின்தொடரவேண்டும் என்று இந்தச் சட்டம் கோருவதாகப் பொருள்கொள்ளக்கூடாது என்பதே அது. தடுப்பது வேறு, பின்தொடர்வது வேறு என்ற வேறுபாடு சட்டத்திலேயே இருந்தும், நடைமுறையில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கலந்ததற்குச் சட்டத்தின் கட்டாயத்தைவிட, மென்பொருள் விற்பனையும் நிர்வாகத்தின் அச்சமுமே பெரிய காரணங்கள் என்று நினைக்கிறோம்.

அந்த மென்பொருள்கள் வாசிப்பை எப்படி வாசிக்கின்றன என்பதையும் பார்க்கவேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக உள்ள ஒரு கண்காணிப்பு மென்பொருளை ஆராய்ந்து, எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு 2023இல் தன் முடிவுகளை வெளியிட்டது. வரலாறு பற்றிய பக்கங்கள், உடல்நல ஆலோசனை, கல்லூரிகளின் தளங்கள் முதலிய எத்தனையோ தீங்கற்றவை ஆபத்தானவையாகக் குறிக்கப்பட்டிருந்தன. சொல்லைப் பார்க்கத் தெரிந்த இயந்திரத்துக்குச் சொல்லின் இடம் தெரிவதில்லை. கொலை என்ற சொல் வருவதால் ஒரு நாவல் குற்றமாகிவிடாது என்பதை எந்த வாசகருக்கும் விளக்கவேண்டியதில்லை.

நூலகத்தின் நினைவு இங்கே எழுவது இயல்பு. அமெரிக்க நூலகர் சங்கம் 1939இல் ஏற்ற நெறிமுறையிலேயே, வாசகரைப் பற்றி அறிய நேர்ந்த அந்தரங்கச் செய்தியைக் காப்பது நூலகரின் கடமை என்று சொல்லப்பட்டிருந்தது. நூலகங்களில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று எஃப்.பி.ஐ. விசாரித்துத் திரிந்தது 1987இல் வெளியே தெரிந்தபோது நூலகர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நூலகப் பதிவேட்டின் இரகசியத்தைக் காக்கும் சட்டங்கள் உண்டு. பொது நூலகத்தில் ஒரு நூலை இரவல் வாங்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை, அதே பொருளைப் பற்றிப் பள்ளியின் திரையில் தேடும்போது கிடைக்காமல் போவதற்கு நியாயமான காரணம் ஒன்றும் எங்களுக்குத் தென்படவில்லை.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி வந்து சேர்ந்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். விடுதியில் கைபேசிக்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்ததற்காக வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் கூறியது. மறுபுறம், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்று மைய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022இல் ஆணையிட்டது. அதை ஏற்காத சில நிறுவனங்கள் தம் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன. உரிமை ஏட்டில் விரிகிறது, மறைவிடம் நடைமுறையில் சுருங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவே பார்க்கிறோம் என்ற வாதத்தை நாங்கள் எளிதாகத் தள்ளவில்லை. தற்கொலை எண்ணத்தில் இருக்கும் ஒரு பிள்ளையின் தேடலைப் பார்த்து ஓர் ஆசிரியர் சரியான நேரத்தில் போய் நின்றால் அது பெரிய காரியம். ஆனால் பார்க்கப்படுகிறோம் என்று அறிந்த பிள்ளை அந்தத் தேடலையே செய்யாமல் விட்டுவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். வீட்டில் சொல்லமுடியாத ஒன்றை, நண்பரிடம் கேட்கக் கூசும் ஒன்றை, முன்பின் தெரியாத ஒரு பக்கத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வது வளர்பருவத்தின் பழைய வழக்கம். புத்தகத்தின் காலத்தில் அது தடயமின்றி நடந்தது. அந்த வழியையும் அடைத்துவிட்டால், கேட்க வேண்டியதைக் கேட்காமலே ஒரு தலைமுறை பெரியவர்களாகிவிடும்.

எனவே, எங்கள் நிலைப்பாடு இது. பள்ளிகள் தடுக்கவேண்டியதைத் தடுக்கட்டும். எதைத் தடுக்கிறோம், எதைப் பதிவுசெய்கிறோம், எத்தனை நாள் வைத்திருக்கிறோம், யார் பார்க்கலாம் என்பதை எளிய மொழியில் எழுதி மாணவருக்கும் பெற்றோருக்கும் கொடுக்கட்டும். தேவையற்ற பதிவுகளைக் குறித்த நாளில் அழிக்கட்டும். மருத்துவம், மனநலம், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றைச் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுவிக்கட்டும். மாணவர்களும் வி.பி.என்.னை மந்திரமாக நம்பவேண்டாம். இலவசமாகக் கிடைப்பதை முதலில் சந்தேகிக்கவேண்டும். பள்ளியின் கருவியில் சொந்த விஷயத்தைத் தேடாமல், இயன்றவரை சொந்தக் கருவியையும் சொந்த இணைப்பையும் நாடுவது எந்த முகமூடியையும்விடப் பயன் தரும். சுரங்கம் எங்கே போய் முடிகிறது என்பதைப் பாடமாகவே வகுப்பறையில் சொல்லித்தரலாம். அதைத் தடைசெய்வதற்குச் செலவாகும் உழைப்பில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

ஒரு பிள்ளை முகமூடியைத் தேடும்போது, எதை மறைக்கிறாய் என்று கேட்பதே நம் வழக்கமாக இருக்கிறது. யாருக்கு அஞ்சி மறைக்கிறாய் என்று கேட்டால், பதிலில் ஒரு பகுதி நம்மைப் பற்றியதாக இருக்கக்கூடும்.