அரண்மனைச் சட்டியும் நம்மட சஹனும்

கொரியாவில் சின்சொல்லோ என்டு ஒரு சாப்பாடு இருக்கு. பித்தளைச் சட்டி ஒன்று. அதன் நடுவில் புகைபோக்கி மாதிரி ஒரு குழாய், குழாய்க்குள்ள கரி நெருப்பு. குழாயைச் சுற்றி இறைச்சி, மீன், முட்டை, காளான், அக்ரூட் எல்லாவற்றையும் நிறம் நிறமாக அடுக்கி, சூப் ஊற்றி, மேசையிலேயே கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுவார்கள். 1392 முதல் 1910 வரை ஆண்ட யோசொன் வம்சத்தின் அரண்மனைச் சாப்பாடு என்று அதற்குப் பெயர்.

ஓட்டமாவடிப் பிள்ளைகளுக்கு இந்த அரண்மனை புதுசில்லை. அரண்மனைச் சமையல்காரி ஒருத்தியின் கதையான 'டே ஜங் கும்' தொடரை 2012இல் ரூபவாஹினி 'சுஜாத தியணி' என்று சிங்களத்தில் போட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ கொரியத் தொடர்கள் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டன. பார்க்கட்டும், ரசிக்கட்டும். அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. பார்த்து முடித்ததும் வரும் பேச்சோடுதான் சண்டை: "அவங்களுக்கு ராஜா இருந்தான், அரண்மனை இருந்திச்சு. நம்மட்ட என்ன இருக்கு? சோறும் ஆணமும்தானே!"

இந்தப் பேச்சு பிழை. சின்சொல்லோவைக் காப்பாற்றியது ராஜா இல்லை. 1910இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியதோடு ராஜாங்கம் முடிந்தது. அரண்மனைச் சமையலறையில் சின்ன வயசிலேயே வேலைக்குப் போன ஹான் ஹீ சுன் என்ற பெண் மிஞ்சினார். ஹுவாங் ஹே சொங் என்ற கல்லூரி ஆசிரியை அவரைத் தேடிப்போய், பக்கத்தில் நின்று, பல வருசம் பார்த்துப் பார்த்து எழுதினார். அரசாங்கம் அரண்மனைச் சமையலை நாட்டின் மரபுச் சொத்துகளில் 38ஆவதாக ஏற்று, 1971இல் ஹான் ஹீ சுன்னை அதன் முதல் வாரிசாக அறிவித்தது. 1972இல் அவர் இறந்துபோனார். அங்கீகாரம் வரட்டும், பிறகு எழுதலாம் என்று அந்த ஆசிரியை குந்தியிருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வருசம்.

இப்ப நம்மட பக்கம் வாங்க. நடுவில் ஒரு பாத்திரம், சுற்றிவர ஆட்கள் என்ற ஏற்பாடு நம்மட்டயும் இருக்கு. அதுதான் சஹன். ஒருத்தர் தண்ணி ஊற்றிக் கொடுக்க, கை கழுவிவிட்டு எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றிக் குந்துவார்கள். கடை முதலாளியும் கூலிக்குப் போறவரும் ஒரே சோற்றில் கை வைப்பார்கள். யோசொன் ராஜா தனியாகச் சாப்பிட்டார். அவர் வாயில் வைக்குமுன் நஞ்சு இருக்கா என்று ருசி பார்க்க ஒரு பெண் நின்றாள். எது பெரிய பண்பாடு என்று நீங்களே சொல்லுங்க.

ஆனால் கல்யாண வீடுகளில் இப்ப சஹனுக்கு இடமில்லை. பஃபே வைத்தால்தான் மரியாதையாம். சஹன் பழசாம், நாகரிகமில்லையாம். இன்னும் சிலர், "அது அரபுச் சொல்தானே, நம்மட சாமானா?" என்று கேட்கிறார்கள். புகைபோக்கி வைத்த சட்டி சீனாவிலும் இருக்கு. அதற்காகக் கொரியாக்காரர் சின்சொல்லோவின் கடவுச்சீட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

இது வெறும் ருசிப் பிரச்சினை இல்லை. 2018 பெப்ரவரியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துக்குள்ள மலட்டு மாத்திரை போட்டதாக ஒரு கதை கிளம்பியது. அந்த இரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாத்திரை இல்லை, மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். எழுதி வைத்தால் மட்டும் அடி நிற்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டில் எத்தனையோ பேர் கொரிய ராணியின் சூப்பை அறிந்த அளவுக்குப் பக்கத்து ஊர் முஸ்லிமின் சட்டியை அறியவில்லை. நம்மட சாப்பாட்டைப் பற்றி நாம எழுதாத இடத்தில் மற்றவன் வதந்தியை எழுதுகிறான்.

கண்டி அரசன் செனரத், போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களை 17ஆம் நூற்றாண்டில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். வந்த சனம் இந்த வாவியில் என்ன பிடித்தது, எதை ஆக்கியது, பக்கத்துத் தமிழ் ஊர்களிடம் எந்தக் கறியைப் பழகியது, எதைப் பழக்கியது? பாடப்புத்தகத்தில் ராஜாவின் பெயர் இருக்கு, உம்மாமாரின் அடுப்பு இல்லை.

ஆகவே ராஜா இல்லையே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. நமக்கு ஹுவாங் ஹே சொங்மார்தான் தேவை. உங்கட உம்மம்மாவிடம் போங்க. இறால் பாலாணத்துக்கு எத்தனை தேங்காய், நோன்புக் கஞ்சிக்கு எத்தனை சுண்டு அரிசி, வட்டிலப்பத்துக்கு எவ்வளவு கருப்பட்டி என்று கேளுங்க. "கண்ணளவுதான் மனே" என்பார். விடாதீங்க. அவர் போடும்போது கையைப் பிடித்து, சுண்டில் அளந்து எழுதுங்க. பெரிய கிடாரத்தில் நூறு பேருக்கு ஆக்கும் சமையல்காரக் காக்காமாரிடமும் போங்க. யோசொன் அரண்மனையிலும் பெரிய விருந்துகளை ஆக்கியது ஆண்கள்தான், நாடகம் அதைப் பெரிசாகக் காட்டாது. எழுதும்போது சொன்னவரின் பெயரையும் ஊரையும் மறக்காமல் போடுங்க.

அடுத்த கல்யாணத்துக்கு மண்டபம் பேசப் போகும் மாப்பிள்ளைமாருக்கும் ஒரு சொல்: பஃபே வையுங்க, வேணாம் என்று சொல்லவில்லை. ஒரு பக்கத்தில் நாலு பாய் விரித்து நாலு சஹனும் வையுங்க. எந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கூடக் கேட்குது என்று பாருங்க.